போறேன் என்று சொல்லும் மைனிக்கு

என் அன்புக்கும் கோபத்துக்கும் சரிபாதி உரிமையுள்ள செல்லத்தாய் மைனிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. தாராவி லேபர் கேம்ப்பில் உங்கள் வீட்டுக் கதவில் யாரோ வந்து பெயிண்டால் நம்பர் எழுதியிருக்கிறார்கள். பெரிய கட்டடம் வரப்போகிறதாம். "ஃபிர் ஆயேங்கே", மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களை இன்னும் காணோம். அண்ணன் இரண்டு வேளையும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார். உங்கள் குழம்பில் உப்பில்லை என்று ஒருநாளும் வாய் திறக்காத மனிதர், என் குழம்பில் தினமும் குறை கண்டுபிடிக்கிறார். இதையும் நான் மறக்க மாட்டேன்.

பெரிய சேதி ஒன்று இருக்கிறது. நான் விமானம் ஏறினேன் மைனி. "ஏட்டி பேச்சி, நீ சர்ச்கேட்டு ஸ்டேசனத் தாண்டிப் போயிருக்கியா?" என்று என் மருமகள் முன்னால் கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நான் கடலையே தாண்டிவிட்டேன். மலேசியாவில், கிள்ளான் என்ற ஊரில் பேத்தி செல்வி இருக்கிறாள் அல்லவா, அவள் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். மண்டபமெல்லாம் வேண்டாம், அம்மா அப்பா இல்லாத பிள்ளைகள் இருக்கும் இல்லத்தில் ஒரு வேளை சாப்பாடு போடலாம் என்று அவளும் அவள் மாப்பிள்ளை பிரபுவும் முடிவு செய்திருந்தார்கள்.

செம்பூரில் அப்படி ஓர் இல்லத்தில் வளர்ந்தவர் நீங்கள். பிறந்தநாள்காரர்கள் வந்தால் வரிசையில் நிறுத்திப் பாட்டுப் பாடவைத்து, போட்டோ எடுத்து, அதற்குப் பிறகுதான் லட்டு கொடுப்பார்களாம். அதனால்தானே எந்தக் கல்யாணத்திலும் லட்டைக் கையால் தொடமாட்டீர்கள்! அந்த வரிசைக்கு எதிரே போய் நிற்கிற ஆளாக நானும் ஆகிவிடுவேனோ என்று பயந்தேன்.

நினைத்தபடியேதான் ஆனது. போனதும் பிரபு போனைத் தூக்கிக்கொண்டு, "எல்லாரும் ஒயரப்படி நில்லுங்க" என்றான்.

"எய்யா, மொதல்ல சோறு. பொறவு போட்டோ" என்றேன்.

"லைட் போயிடும் பாட்டி."

"லைட்டு போனா நாளைக்கு வரும். சோறு ஆறுனா ஆறுனதுதான்."

நீங்கள் இருந்திருந்தால் என் முதுகில் தட்டியிருப்பீர்கள். தட்டியிருப்பீர்கள்தானே?

நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். எட்டு வயசுக்காரி ஒருத்தி, கவி என்று பேர், பாதிச் சோற்றில் எழுந்து வந்து கேட்டாள்: "பாட்டி, மாக்கான் சுடா?"

நம் பம்பாய்க் காதில் அது எப்படி விழும்? இந்தியில் மக்கான் என்றால் வீடு. உன் வீடு சூடா என்று கேட்கிறாள். அடடா, நம் தாராவி வெயில் இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்து, "சூடுதான்டா கண்ணு. மேல தகரம் போட்டிருக்கு. மே மாசம் உள்ள உக்கார முடியாது. ஃபேன் போட்டா அதுவும் சூடாத்தான் அடிக்கும்" என்று விலாவாரியாகச் சொன்னேன்.

இல்லமே சிரித்தது. சாப்பிட்டாயிற்றா என்று மலாயில் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பேசும் பாஷை வாயில் ஒட்டிக்கொண்டதாம். நம் பிள்ளைகள் இந்தியில் பேசுகிறார்களே, அதே கதைதான். அதற்குப் பிறகு எனக்குச் 'சூட்டு வீட்டுப் பாட்டி' என்று பேர் வைத்து, என் மடியில் தலையைக் கொடுத்து இரட்டைச் சடை பின்னிக்கொண்டாள்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பினோம். வாய்ப் பழக்கம்தானே, "போயிட்டு வாரேன் தாயி" என்றேன்.

"எப்போ?" என்றாள்.

எனக்கு இத்தனை வயசுக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை மைனி. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சங்கடப்பட்டு, "எல்லாரும் அப்படிச் சொல்லிட்டுத்தான் போவாங்க பாட்டி. இவ மட்டும் கேப்பா" என்றார்.

அங்கேயே, செருப்பை மாட்டின கால் மாட்டினபடி இருக்க, உங்களை நினைத்துக்கொண்டேன்.

என் மூத்தவன் பிறந்தபோது பார்க்க வந்தீர்கள். கிளம்பும்போது, "அப்ப நான் போறேன்" என்றீர்கள். நீங்கள் எங்கேயும் அப்படித்தான். ஆனால் என் மாமியாருக்கு அது தெரியாதே! "பச்சப்புள்ள கெடக்க வீட்ல போறேன்னா சொல்லுதா ஒங்க மைனி? நாக்கா அது?" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். மாசக்கணக்கில் எனக்கு இடி. அந்தக் கோபத்தை நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருந்தேன். நேரே கேட்டதற்கும் என்ன சொன்னீர்கள்? "வர முடியுமோ முடியாதோ, யாருக்குத் தெரியும்? வந்தா, வந்துட்டேன்னு சொல்லுதேன்."

வேறொரு நாள், பூக்கட்டும்போது, இல்லத்துக்கு வந்த ஒரு பச்சைச் சேலைக்காரியைப் பற்றிச் சொன்னீர்கள். "போயிட்டு வாரேன், வந்து சடை பின்னி விடுதேன்" என்று சொல்லிப் போனாளாம். கேட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் சீப்போடு நின்றீர்களாம். அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் உங்களுக்காக அவளையும் நான் மன்னிக்கவில்லை. இந்த இரண்டு கதைக்கும் முடிச்சுப் போட எனக்குக் கிள்ளான் வரை போகவேண்டியிருந்திருக்கிறது. நீங்களே சொல்லியிருக்கக் கூடாதா?

போறேன் என்று சொன்ன நீங்கள் மறுநாள் காலையில் கஞ்சியோடு வந்து நிற்பீர்கள். போயிட்டு வாரேன் என்று சொன்ன மாமியார் வீட்டுச் சொந்தங்கள், மூத்தவன் காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தர் பேரும் எனக்குத் தெரியும்.

"நாளைக்கு" என்றேன் கவியிடம்.

வீட்டில் ரகளை. மறுநாள் இரட்டைக் கோபுரம் பார்க்க டிக்கெட் எடுத்தாயிற்றாம். "பாட்டி, அது சும்மா சொல்ற வார்த்தைதானே" என்றாள் செல்வி. "கோபுரம் எங்க ஓடிப் போவப் போவுது? வண்டிய எடுக்கச் சொல்லுட்டி" என்றேன்.

போனோம். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள் மைனி. கையில் சீப்பு.

அன்றைக்குச் சடை பின்னிக்கொண்டே உங்களைப் பற்றிச் சொன்னேன். "எங்க மைனி போறேன்னுதான் சொல்லுவாவ. ஆனா வந்துருவாவ." கவி யோசித்தாள். கிளம்பும் நேரம் வந்தது. நான் மறுபடி பம்பாய்க்குப் போகவேண்டியவள், இந்தத் தடவை நாளைக்கு என்று சொல்ல முடியாது. அவளே சொன்னாள்: "பாட்டி, நீங்களும் போறேன்னு சொல்லுங்க."

என் நாக்கு அதுவரை சொல்லாத வார்த்தை. "போறேன்!" என்று சத்தமாகச் சொன்னேன். செல்வி தலையில் கை வைத்தாள். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "போங்க, போங்க!" என்று கத்திச் சிரித்தார்கள். யாரும் எப்போ என்று கேட்கவில்லை.

இப்போது உங்கள் மேல் எனக்கு ஒரே ஒரு கோபம்தான் பாக்கி. ஆஸ்பத்திரியில் கடைசிச் சாயங்காலம், பார்வையாளர் நேரம் முடிந்து வார்டு பையன் விரட்டினான். நான் எழுந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, வாழ்நாளில் ஒரே தடவையாக, "போயிட்டு வாரேன் பேச்சி" என்றீர்கள். நான் பயப்படக் கூடாது என்றா? இல்லை, நிஜமாகவேதானா?

சொல்லிவிட்டீர்கள். அதனால் கேட்கிறேன். எப்போ மைனி?

பதில் வரும்வரை உங்கள் பழக்கத்தை நான் நடத்துகிறேன். தீபாவளி முடிந்ததும் டிக்கெட் போடச் சொல்லி மகனை அரித்துக்கொண்டிருக்கிறேன். அவன் போட்டே ஆகவேண்டும். கவியிடம் முன்கூட்டிச் சொல்லமாட்டேன். கிங்ஸ் சர்க்கிளில் முறுக்கும், ஒரு நல்ல சீப்பும் வாங்கிக்கொண்டு அந்தக் கேட்டில் போய் நின்று, "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

அண்ணனுக்குச் சோறு போட நேரமாகிவிட்டது. நான் போறேன்.

உங்கள் நாத்தனார்,
தாராவி பேச்சியம்மாள்