நம் துறைமுகம் ஏற்றியது

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சின்னவனும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க வேண்டியிருக்கிறது. உன் எண்ணுக்குப் போன் போட்டால் ஒரு பெண் மிக மரியாதையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள், அவளிடம் எவ்வளவு நேரம் சண்டை போடுவது. அதனால் இந்தக் கடிதத்தை உன் தோழி இருக்கும் மூன்றாவது நாட்டுக்கு விமானத் தபாலில் அனுப்புகிறேன், அவள் எப்படியாவது உன்னிடம் சேர்த்துவிடுவாள். உன் கடைசிக் கடிதம் வந்தது. பாதுகாப்பான ஊருக்குப் போ என்று நான் எழுதியதற்கு, மாணவர்கள் பாதிப் பேர் இன்னும் வகுப்புக்கு வருகிறார்கள், அவர்களை விட்டு எப்படி வருவது என்று கேட்டிருந்தாய். அது எனக்குப் புரிந்தது. அதற்குக் கீழே எழுதியிருந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. நீ இருக்கும் நாட்டோடு சண்டை போடும் அதன் பக்கத்து நாட்டிடம் பீரங்கிக் குண்டுகள் தீர்ந்துகொண்டு வருகின்றன, இனி நம் நாட்டிலிருந்து போனால்தான் உண்டு, ஆனால் நம் துறைமுகம் அதை ஏற்றாது அம்மா, நம் மக்கள் விட மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த நம்பிக்கையில்தான் நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏற்றிவிட்டோம். கப்பல் போய்விட்டது. அது சுற்றிக்கொண்டு போகிற பாதை, இந்தக் கடிதம் முந்திக்கொள்ளும். நீ கிளம்பு. எப்படி இப்படி ஆயிற்று என்று தெரியாமல் நீ கிளம்ப மாட்டாய், சின்ன வயதிலிருந்தே காரணம் சொல்லாமல் உனக்கு ஒரு வாய் மருந்து கூடக் கொடுக்க முடிந்ததில்லை, அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இடது காது முழுதாகப் போய்விட்டது, வலது காது அவருக்குப் பிடித்த பேச்சை மட்டும் கேட்கிறது. சமையலறைக் கூரை ஒழுகியதைச் சின்னவன் தகரம் வைத்து அடைத்தான், இப்போது ஒழுகவில்லை, மழை வந்தால் பறை அடிப்பது போலச் சத்தம்தான். அவனுக்கு வார்ப்பட ஆலையில் வேலை கிடைத்ததை முன்பே எழுதியிருந்தேன். என்ன வேலை என்று எழுதவில்லை. நீ இங்கே இருந்தபோது அந்த ஆலை டிராக்டருக்கு உறுப்புகள் செய்தது, நீ போவதற்கு முன்பே மூடிவிட்டார்கள், நம் குடியிருப்பில் ஆம்பளைகள் பகலெல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததை நீயே பார்த்திருக்கிறாய். அப்புறம் ஆலையைத் திறக்கச் சொல்லி ஊர்வலம் போனோம். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார், துறைமுகத்திலிருந்து நாங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டோம், கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். தேர்தல் நெருங்கிய சமயம், நம் தொகுதி உறுப்பினர் திறந்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார், சொன்ன சொல் தவறாமல் திறந்தும் காட்டினார். நாங்கள் கேட்டது வேலை. வந்தது குண்டு. அந்தப் பக்கத்து நாட்டுக்கு நம் அரசு கடன் கொடுக்கிறது, அவர்கள் அந்தக் கடனில் நம் ஆலையில் குண்டு வாங்கிக்கொள்கிறார்கள், அதற்குப் பெயர் நட்புறவு. சின்னவன் முதல் நாள் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு போனபோது நானும்தான் வாசலில் நின்று சிரித்துக்கொண்டு பார்த்தேன்.

அந்தக் குண்டுகள் முதலில் லாரியில் வேறு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன, நம் துறைமுகத்துக்கே வரப்போகின்றன என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்குச் சுட்டது. அதைத் தடுக்க எனக்குத் துணைக்கு வருவார் என்று நான் நம்பியது மரக்கடை முதலாளியைத்தான். அவர் கடை மரமெல்லாம் நீ இருக்கும் நாட்டிலிருந்து வருவது. வாங்கி விற்கிறவர்கள் சண்டையை விரும்ப மாட்டார்கள் என்று நீ விடுமுறைக்கு வந்தபோது துணி மடித்துக்கொண்டே எனக்குச் சொன்னாயே, அதற்கு இவர்தான் சாட்சி என்று நினைத்தேன். ஆரம்பத்தில் அவரும் கொதித்தார், வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு தலைநகர் வரைக்கும் போனார். அங்கே அவரிடம் யாரும் சண்டை போடவில்லை, வேறொரு நாட்டிலிருந்து மரம் வர ஏற்பாடு செய்து சுங்கத்தையும் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த வாரமே கடை வாசலில் பெரிய கொடி ஏற்றிவிட்டார். நான் போய்க் கேட்டதற்கு மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "நான் மரம் விக்கிறவன்மா, மரம் எங்கேருந்து வந்தா எனக்கென்ன" என்றார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, பகையும் இல்லை.

தொகுதி உறுப்பினரையும் போய்ப் பார்த்தேன். அவர் அலுவலகத்தில் பொதுமக்கள் உட்காரும் பெஞ்சு ஒரு பக்கம் ஆடும், ஒருவர் எழுந்தால் அடுத்தவர் சாய்ந்துவிட வேண்டியதுதான், அதில் உட்கார்ந்து காத்திருந்தேன். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார், உன்னை ஞாபகம் வைத்திருந்தார், பள்ளியில் பரிசு கொடுத்ததைச் சொன்னார். என் மகள் இருக்கிற ஊர் மேல்தான் இது விழும் என்று சொன்னேன். மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கி வைத்தார். பிறகு, "எனக்கு அந்த நாட்டு மேல ஒரு கோபமும் கிடையாதும்மா, மேப்புல எங்க இருக்குன்னு கூட அப்பத்தான் பார்த்தேன். உங்க ஆளுங்க வேலை கேட்டாங்க. நான் இதுக்கு எதிரா கை தூக்குனா அடுத்த தடவை உங்க தெருவுக்குள்ள என்னை விடுவீங்களா?" என்றார். விட மாட்டோம், அது எனக்கே தெரியும் கண்ணு. ஒரு நாடு என்பது தனியாக உட்கார்ந்து யோசிக்கிற ஆள் இல்லை, உள்ளே இருப்பவர்களில் யாருடைய தேவை மேலே போய்ச் சேருகிறதோ அதுதான் வெளியே அந்த நாட்டின் முடிவாக நிற்கிறது என்று நீ உன் ஆய்வில் எழுதியதை எனக்கு எளிமையாகச் சொல்லியிருக்கிறாய். அந்த ஆடுகிற பெஞ்சிலிருந்து எழுந்து வரும்போது அது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. மேலே போய்ச் சேர்ந்தது நம் தெருவின் தேவைதான்.

கடைசியில் குண்டை ஏற்றுவதா என்று எங்கள் துறைமுகச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் சங்கத்தில் வாக்குச்சீட்டு கிடையாது, உனக்குத் தெரியும், வேண்டும் என்பவர்கள் ஜன்னல் பக்கச் சுவர் ஓரமாகவும் வேண்டாம் என்பவர்கள் எதிர்ச் சுவர் ஓரமாகவும் போய் நிற்க வேண்டும், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்த முறை. எங்கள் செயலாளரை ஒலிபெருக்கி என்றுதான் கூப்பிடுவோம், மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும், அன்றைக்கு அவர் குரலே எழும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆலைத் தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள், ஒரு கோஷம் கிடையாது. எங்கள் ஆட்களின் அண்ணன் தம்பிகள், மாப்பிள்ளைகள். நம் சின்னவனும் நின்றான். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் எழுந்து பேசினேன். கிரேன் மேலே தனியாக உட்கார்ந்து பழகியவளுக்குக் கூட்டத்தில் பேச வராது, இருந்தாலும் உன்னைப் பற்றிச் சொன்னேன், நாம் ஏற்றவில்லையென்றால் மேலே இருப்பவர்கள் நம்மைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றேன். நடுவிலிருந்து சரக்கு கட்டுகிற ஒருவன், மரியாதையான பையன்தான், "ஏன்க்கா, உங்க பொண்ணு அங்க இல்லேன்னா நீங்க எந்தச் சுவருக்குப் போவீங்க?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. இன்றைக்கு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் ஜன்னல் பக்கம்தான் போயிருப்பேன் என்று தோன்றுகிறது. வேண்டாம் என்று என்னோடு வந்து நின்றவர்கள் எண்ணுவதற்குச் சிரமம் தரவில்லை. எதிரே நின்றவர்கள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும், ஏதோ சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள், ஆனால் நின்றார்கள்.

தோற்ற பக்கம்தான் மறுநாள் முதலில் வேலையில் கை வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சங்கம் இரண்டாகப் பிளந்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது, வேலைநிறுத்தங்களில் அதை நானே எத்தனையோ பேர் தலையில் கட்டியிருக்கிறேன், அழுதுகொண்டு வந்தவளைக் கூட விட்டதில்லை. அந்த முறைப்படி முதல் பெட்டியைத் தூக்குகிற வேலை எனக்கு வந்தது. மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று நல்லதற்குத்தான் சொன்னார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன். மேலே கிரேன் அறையில் காலுக்குக் கீழே கண்ணாடி, அது வழியாகப் பார்த்தால் பச்சை அடித்த பெட்டிகள், பக்கத்தில் கையாட்டிச் சைகை காட்டுகிறவன் அண்ணாந்து என்னையே பார்க்கிறான். கொக்கியை இறக்கினேன். மாட்டினார்கள். கம்பி முறுக்கேறி நின்றது, இனி கைப்பிடியை இழுத்தால் எழும்பும். இழுக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன். ஒருவரும் திட்டவில்லை. நான் கிரேன் ஓட்டப் பழக்கிவிட்ட ஒல்லிப் பெண்ணைக் கூப்பிட்டார்கள், அவள் கையிலிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து, "தப்பா நெனைக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஏறினாள். நன்றாகத் தூக்கினாள், பெட்டி ஒரு விரற்கடை கூட ஆடவில்லை. அவள் டீ குடித்து முடித்த நேரம்தான் அந்தக் கப்பலுக்கு ஆன தாமதம். உன் அம்மாவால் முடிந்தது அவ்வளவு.

இப்போது சாப்பாட்டுக் கூடத்தில் என் மேசையில் யாரும் உட்காருவதில்லை, அப்பாவுடன் சீட்டாட வருகிறவர்களும் வருவதில்லை. கோபம் ஏற்றச் சொன்னவர்களுக்கு மட்டுமில்லை, என்னோடு எதிர்ச் சுவரில் நின்றவர்களுக்குத்தான் அதிகக் கோபம், தோற்ற பிறகு அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததை நான் செய்யவில்லையே. என் பெயரைச் சங்கத்திலிருந்து எடுப்பதா என்று அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள், எடுக்கட்டும். இதையெல்லாம் படித்துவிட்டு நீ கற்றதும் கற்பித்ததும் வீண் என்று உட்கார்ந்து அழாதே. நீ சொன்னது தப்பில்லை. அரசாங்கம் மக்கள் கேட்டதைத்தான் செய்தது. மக்கள் என்றால் உன் மனதில் வந்தது நான், அப்பா, நம் பக்கத்து வீட்டுத் தையல்காரி. வேலை கேட்டு ஊர்வலத்தில் வந்ததும் அதே நாங்கள்தான்.

கப்பல் போன மறுநாள் காலை சின்னவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான் தட்டை எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்து, "அம்மா, நான் செய்யறது எவ்வளவு தூரம் போகும்னு எனக்குத் தெரியும். அந்த ஊருக்கு நல்லா எட்டும். ஆத்தைத் தாண்டி மலைப்பக்கம் போயிட்டா எட்டாது. அக்காவ அங்க போகச் சொல்லு" என்றான். சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். நான் போகாதே என்று சொல்லவில்லை, எதைக் காட்டிச் சொல்வேன். அவனை வெறுக்காதே, என்னைக் கேட்டால் வெறுக்கவும் உனக்கு நியாயம் இருக்கிறது, இருந்தாலும் வெறுக்காதே. அவன் சொன்ன கணக்கை மட்டும் நம்பு, அது அவன் தொழில். ஆற்றைத் தாண்டி மலைப்பக்கம். வகுப்பில் மிச்சம் இருக்கிற பிள்ளைகளையும் அவர்கள் வீட்டில் பேசிக் கூட்டிக்கொண்டு போ, பாடத்தை மலையிலும் நடத்தலாம். மாற்றுக் கண்ணாடியையும் சான்றிதழ்களையும் கைப்பையிலேயே வை, பெட்டியில் வைக்காதே. கனமான புத்தகங்களை விட்டுவிடு, ஒன்றையாவது எடுப்பேன் என்று அடம் பிடிப்பாய், ஒன்று மட்டும்.

நீ நிற்கிற இடத்துத் தரை அதிராமல் இருக்கட்டும், உன் தலைக்கு மேல் கூரை நிலைக்கட்டும், எங்கள் ஆயுளில் மிச்சம் உள்ளதும் உனக்கே சேரட்டும். அப்பா தன் கையால் உன் தலையைத் தொட்டதாக எழுதச் சொன்னார். போய்ச் சேர்ந்ததும் சேர்ந்த இடத்தின் பெயரை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு, வேறொன்றும் எழுத வேண்டாம். சின்னவன் இப்போதே தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆலைக்குப் போகிறான்.

இப்படிக்கு,
உன் அம்மா