ஒவ்வொரு குழம்புக்கும் ஒரு சோறு

வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, இன்றைக்கு எந்த வீட்டில் என்ன ருசி பார்த்தேன் என்று சொல்லத் தொடங்கிவிடும் என் அப்பாவுக்கு,

அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அங்கே உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? அம்மா தினமும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று ஏதோ முணுமுணுக்கிறாள். ஆனால் அவள் எதையும் முதலிலிருந்து சொல்ல மாட்டாள், உங்களுக்குத்தான் தெரியுமே. மாப்பிள்ளைக்குப் பாளையங்கோட்டை. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். அதிகம் பேச மாட்டார். அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

கல்யாணத்தைப் பற்றி அம்மா எப்படியும் சொல்லி முடிப்பாள். நான் சொல்ல வந்தது மறுவீட்டுச் சாப்பாட்டைப் பற்றி. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிற அந்த ஒரு வேளையைப் பற்றி. நீங்கள் இருந்திருந்தால் கல்யாணத்தை விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் கேட்டிருப்பீர்கள்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா கை கழுவுகிற இடத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "தகப்பன் இல்லாத வீடு. மறுவீட்டுக்குப் போனா இலையில என்ன விழும்னு போய்த்தான் பாக்கணும்." ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அக்காவும் நானும் இருந்தோம். அக்கா அழவில்லை. ராத்திரி பாய் விரிக்கும்போது என்னிடம் சொன்னாள்: "ஏட்டி, அன்னைக்கு ஒரு குறை வந்துட்டா, அந்த வீட்டுல காலம் பூரா நான் அதைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கணும்."

சமையலுக்கு ஆள் பேசலாம் என்று அம்மா கிளம்பினாள். தெருப் பெண்கள் விடவில்லை. எதிர்வீட்டுச் செல்லம்மா பெரியம்மாதான் முதலில் மறித்தது. "எங்க ஆட்டோக்காரன் மவளுக்கு வெளியாளா வந்து சமைப்பான்? நாங்க செத்தா போயிட்டோம்? ஆளுக்கு ஒண்ணு செஞ்சு தாரோம், பேசாம இரு."

யார் எதைச் செய்வது, எது முதலில், எது அடுத்து என்று பேச்சு வந்தபோது எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். "அவுக அப்பா வந்து சொன்னது எல்லாம் இவளுக்குத்தான் அப்படியே இருக்கு" என்றாள்.

அது உண்மைதான். பத்தாவதோடு நின்று, அம்மாவோடு பீடி சுற்ற உட்கார்ந்த பிறகு, படித்ததில் பாதி மறந்துவிட்டது. நீங்கள் சொன்னதில் எதுவும் மறக்கவில்லை. செல்லம்மா பெரியம்மா வீட்டுத் தேங்காய்ப்பால் சொதி, மூன்றாவது வீட்டு எஸ்தர் சித்தியின் இடி சாம்பார், முப்பிடாதி அக்காவின் அவியலும் இஞ்சித் துவையலும், கோடி வீட்டில் மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு வைக்கிற ரசம். மணிமுத்தாறுக்குச் சவாரி போய்விட்டு வந்த களைப்பிலும் அதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வீர்களே.

ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியது கூச்சக்காரியான நான் அல்லவா. ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று, உள்ளிருந்து யாராவது தற்செயலாக என்னைப் பார்க்கும்வரை கொலுசை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் அவியல் வைக்கேன்" என்றார் செல்லம்மா பெரியம்மா.

"நீங்க சொதி, பெரியம்மா."

"சொதி என்ன ஒரு வேலையா? அதோட இதையும் செஞ்சிடுதேன். முப்பிடாதி அவியலுக்குத் தயிர ஊத்துவாட்டி. அதை எவன் திம்பான்?"

"அப்பா உங்க சொதியத்தான் எப்பவும் சொல்லுவாக" என்றேன்.

பெரியம்மா கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "என்ன சொல்லுவாரு?"

"முதல் பால விட்ட பொறவு கொதிக்க விடாத கை இந்தத் தெருவுல அது ஒண்ணுதான்னு."

அதற்குப் பிறகு அவர் அவியல் பேச்சை எடுக்கவே இல்லை. அப்பா, நீங்கள் உண்மையில் அவரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னீர்களா? வேறு யாரையாவது சொல்லி, நான் மாற்றிச் சொல்லிவிட்டேனா? இப்போது யோசித்தால் லேசாகச் சந்தேகம் வருகிறது.

அந்த நாட்களில் எனக்குப் பீடி இலை வெட்டும்போதும் இதே நினைப்புதான். எந்தச் சமையல் காத்திருக்கும், எது காத்திருக்காது? சாம்பார் காலையிலேயே வந்துவிடலாம், உட்கார உட்கார அது நன்றாகத்தான் ஆகும். சொதி அப்படி இல்லை. அது தேங்காய்ப்பால். முதல் பாலை விட்டு இறக்கியதும் நேரே பந்திக்கு வந்தாக வேண்டும். அவியல் சூடு ஆறலாம், அப்பளம் ஆறக் கூடாது. சொதிக்கு மட்டும் ஏன் எல்லா வீட்டிலும் இஞ்சித் துவையல் வைக்கிறார்கள் என்று எஸ்தர் சித்தியிடம் கேட்டேன். "தேங்காய்ப்பால் கனம்லா. பெரிய ஆள் வாராகன்னு வயித்துக்கு முன்னாடியே சொல்லி வைக்கணும்" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஒரு இலைக்குள் இவ்வளவு யோசனையை முதலில் யார் வைத்திருப்பார்கள்?

மறுவீட்டன்று எல்லாம் நான் சொன்ன வரிசையில் வந்தன. எஸ்தர் சித்தியின் சாம்பார் வந்தது. முப்பிடாதி அக்கா அவியலைத் தலையில் சுமந்து வந்து, "தயிர் கொஞ்சம்தான் விட்டிருக்கேன், அந்தப் பெரிய மனுசிகிட்டச் சொல்லு" என்று இறக்கி வைத்தாள். ரசம் வந்தது. பாயசம் வந்தது. பெரியம்மா சொதிக்கு முதல் பாலைப் பிழிந்து வைத்துக்கொண்டு தன் வாசலிலிருந்து என் சைகைக்குக் காத்திருந்தார். அம்மாவை அடுப்புப் பக்கமே விடவில்லை நான். "நீ பட்டுச்சேலையக் கட்டிட்டு வாசல்ல நில்லு, எல்லாம் வருது" என்று சொல்லியிருந்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. எஸ்தர் சித்தி சாம்பார் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் பையக் கேட்டார்.

"சோறு எங்கன இருக்கு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, வேன் வந்ததும் இங்கே வந்துவிட்ட செல்லம்மா பெரியம்மாவைப் பார்த்தாள்.

"கல்யாண வீட்டுல வடிச்சிருப்பீயன்னுலா நினைச்சேன்" என்றார் பெரியம்மா.

"நானும் அப்படித்தான்" என்றாள் முப்பிடாதி அக்கா.

"எல்லாம் வருதுன்னு இவ சொன்னாளே" என்றாள் அம்மா.

சோறு யார் வீட்டிலிருந்தும் வரவில்லை. நம் அடுப்பு சில்லென்று கிடந்தது. சமையல் என்று பேசிய இத்தனை நாளில், சோறு ஒரு சமையலாக எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் நீங்கள் சொன்னதை வைத்துத்தானே எல்லாம் கேட்டேன்? நீங்கள் யார் வீட்டுச் சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே அப்பா.

அக்கா அறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை பேருக்கு உலை வைத்தால் தண்ணீர் கொதிக்கவே அரை மணி நேரம் ஆகும். அம்மா ஓடிப்போய் எல்லாருக்கும் இன்னொரு தடவை கலர் சோடா ஊற்றிக் கொடுத்தாள். நான் பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போனேன்.

மத்தியானம் ஆகிவிட்டதால் எல்லார் வீட்டிலும் சோறு வடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், "உங்க வீட்டுச் சோறு வேணும், பூராவும் வேணும்" என்று கேட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பானையோடு தந்தார்கள்.

கொண்டுவந்து வரிசையாக வைத்த பிறகுதான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. பானைக்குப் பானை சோறு வேறாக இருந்தது. முப்பிடாதி அக்கா வீட்டில் பருமனான ரேஷன் புழுங்கல். பெரியம்மா வீட்டில் பச்சரிசி. எஸ்தர் சித்தி வீட்டில் மெலிந்த பொன்னி. கோடி வீட்டில் பல் இல்லாத பெரியவருக்காகக் குழைய வடித்த சோறு. ஒரே பந்தியில் ஒருவர் இலையில் ஒன்றும் பக்கத்து இலையில் வேறொன்றும் விழுந்தால் அந்தப் பெரியப்பா கண்ணுக்கு எப்படித் தப்பும்?

நான் ஒவ்வொரு பானையிலும் ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் தோன்றியது. இலைக்கு இலை மாறினால்தானே குறை? எல்லா இலையிலும் ஒரே நேரத்தில் மாறினால்?

சாம்பாருக்கு ரேஷன் புழுங்கல் போடச் சொன்னேன். பருமனான சோறு, சாம்பாரைத் தாங்கிக்கொள்ளும். சொதிக்குப் பச்சரிசி. ரசத்துக்குப் பொன்னி. மோருக்குக் குழைந்த சோறு. எஸ்தர் சித்தி ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "சரிட்டி, வாளிய எடு" என்றார்.

சாம்பார் முடிந்தது. பச்சரிசிச் சோற்றின் மேல் சொதி விழுந்தது. பெரியப்பா ஒரு வாய் எடுத்தவர் நிறுத்தினார். பிறகு மறுபடி சாப்பிட்டார். பொன்னிச் சோறு வந்தபோது பரிமாறிக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ பிள்ள, குழம்புக்குக் குழம்பு சோறு மாறுதே. இது எந்த ஊர் வழக்கம்?"

பந்தியே என்னைப் பார்த்தது. எங்கள் ஊர் வழக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் நம்பியிருப்பார். ஆனால் அக்கா அந்த வீட்டில்தானே இருக்கப் போகிறாள்? நான் சொன்ன பொய்யை அவள் எத்தனை நாள் காப்பாற்றுவாள்?

"வழக்கம் இல்ல மாமா. சோறு வடிக்க மறந்துட்டோம். தெருவுல எல்லா வீட்டுலயும் வாங்கிட்டு வந்தோம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ அந்த வீட்டுக்காரங்களுக்கு மத்தியானத்துக்கு என்ன?"

அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

அவர் மோருக்குக்கூட இருக்காமல் எழுந்து கை கழுவினார். பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டார். அம்மா பதறிப்போனாள். "மதினி, நீங்க போய் இங்கன வரலாமா, நல்லாவா இருக்கும்?"

"சம்பந்தி வீட்டு அடுப்புல கை வைக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும் மதினி. அவுக சோத்தத் தின்னுட்டு நான் எப்படி எந்திரிச்சுப் போவேன்? அரிசி எங்க இருக்கு, சொல்லுங்க."

பெரியப்பா எழுந்து வந்து உதவவில்லை. நாற்காலியை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டார். "உலையில உப்புப் போட்டாச்சான்னு நீயே பாரு. அந்தப் பிள்ளைய நம்பாத" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அடுத்த பந்திக்குத் தெரு முழுக்க வந்து உட்கார்ந்தது. சோறு வேகும்வரை வெறும் இலைக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நான் செல்லம்மா பெரியம்மாவிடம் கேட்டேன், அப்பா ஏன் உங்கள் வீட்டுச் சோற்றைப் பற்றிச் சொன்னதே இல்லை என்று.

"உங்க அப்பா எங்கட்டி சோறு தின்னாரு? ஆட்டோவுல உக்காந்தபடியே ஒரு கிண்ணத்துல குழம்ப வாங்கி ருசி பாப்பாரு. சோறு போடட்டுமான்னா, வேண்டாம்க்கா, வீட்டுல பிள்ளைங்க எனக்காகத் திங்காம இருக்கும்பாரு."

நாங்கள் திங்காமல்தான் இருந்தோம். அது உங்களுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது.

பெரியம்மாவிடம் இன்னொன்றும் கேட்க நினைத்தேன். உள்ளே வந்து உட்காருங்கள் என்று அவர்கள் கூப்பிட்டும் நீங்கள் போகவில்லையா? இல்லை, கூப்பிடட்டும் என்று காத்திருந்தீர்களா? அதற்குள் சோறு வந்துவிட்டது. நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். அங்கே எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெரியப்பா அந்தக் கதையைத்தான் சொல்கிறாராம். சொல்லச் சொல்லப் பானைகள் கூடிக்கொண்டே போகின்றனவாம். "காலம் பூரா கேக்கணும் போலட்டி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் சில நாள் அவள் குரல் தாழ்ந்து இருக்கிறது. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். உண்மையிலேயே ஒன்றும் இல்லையோ என்னவோ.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அக்கா குரல் இன்னும் ஒரு தடவை அப்படிக் கேட்டால், நான் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறுவேன். யாரும் கூப்பிட வேண்டும் என்று காத்திருக்க மாட்டேன். நேரே உள்ளே போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லும்வரை கேட்பேன்.

உங்கள் சின்ன மகள்,
கோமதியின் தங்கை,
இசக்கி