வலிக்காத இடப்பக்கம்

கர்க்கடகம் 5, திங்கள்

விடியற்காலை முதல் மழை. கரமனை பஸ்ஸில் குடைக்கம்பி ஒடிந்தது. மசாஜ் சென்டரில் இன்று ஆறு பேர், கர்க்கடக மழை மாதத்தில் எண்ணெய்ச் சிகிச்சைக்கு வரும் கூட்டம்.

ஐந்தாவது ஷைலஜா சேச்சி. ஒரு காலத்தில் பளு தூக்கியவர், இப்போது ஜிம்மில் டிரெய்னர். நூற்றிரண்டு கிலோ, முதுகெல்லாம் தசை. இந்த மாதிரி உடம்புக்கு, மறக்காமல் இருக்க:

- மேஜையை தொடை உயரத்துக்கு இறக்கு.
- கட்டைவிரல் வேண்டாம், வீட்டில் மாவு பிசைய வேண்டும். முழங்கை போதும்.
- கையால் தள்ளாதே, உடம்பைச் சாய்.
- எண்ணெய் கொஞ்சம். வழுக்கினால் ஆழம் போகாது.

வலப்பக்க இடுப்பில் முழங்கை வைத்ததும் துள்ளினார். இடப்பக்கம் அசையவே இல்லை.

"நல்லா அமுக்கு மோளே. அங்க எனக்கு ஒண்ணுமே இல்ல, கேட்டோ."

முழு எடையும் போட்டேன். இடப்பக்கம் நன்றாக இளகிவிட்டது, மூன்று வார வேலைக்குப் பலன். கொஞ்சம் கர்வம்தான்.

8, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

மசாஜ் முடிந்து ஷை. சேச்சி வாசல்வரை போய்விட்டார். இடக்கால் செருப்பு அறை நடுவில் கிடந்தது.

"சேச்சி, செருப்பு."

குனிந்து பார்த்தார். "போட்டிருக்கேன்னுல்லா நினைச்சேன்."

மேஜையில் உட்கார வைத்தேன். கண்ணை மூடச் சொல்லி, இடக்கால் கட்டைவிரலை நகத்தால் அழுத்திக் கிள்ளினேன்.

"என்ன மோளே, இன்னும் தொடங்கலையா?"

இளகிவிட்டது என்றல்லவா நினைத்தேன். மரத்துப் போயிருக்கிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். வழியெல்லாம் ஜிம் பெண்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

9, வெள்ளி

முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கியிருக்கிறதாம். காலையிலேயே ஆபரேஷன். அந்த இடத்தில் யாரும் கை வைத்திருக்கவே கூடாது என்றாராம் டாக்டர். சேச்சியின் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கண்டுபிடிச்சதாலதான் இந்த மட்டும் ஆச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்து திங்கட்கிழமைப் பக்கத்தைப் படித்தேன். இளகிவிட்டதாம். கர்வமாம். பாவி.

சாப்பிடவில்லை.

12, திங்கள்

வெயில். மரத்த இடத்தில் முழு எடையும் போட்டதைச் சொல்லிவிடுவது என்று போன் செய்தேன்.

"கால் விரல்ல உணர்ச்சி வந்துச்சா சேச்சி?"

"இல்ல மோளே, இதுவரைக்கும் இல்ல. தையல் பிரிச்சதும் நீ வந்து பழையபடி நல்லா ஒண்ணு அமுக்கு. சரியாயிடும்."

வர்றேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.