உம்மா பெயர் சொல்லாத நோய்

பிப்ரவரி 6, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, இந்த வரியோடு மூடிவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். உம்மாவிடம் காட்டாதீர்கள். என் பெரியம்மா மன்னூபியா காலாவிடம் காட்டவே காட்டாதீர்கள். உம்மாவின் அக்காவுக்கு ஒன்று தெரிந்தால் விடிவதற்குள் துனிஸ் நகரம் முழுக்கத் தெரியும்.

வீட்டில் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள்.

கழுத்தில் கட்டி வந்தது. ஊசி போட்டு அதிலிருந்து கொஞ்சம் சதை எடுத்தார்கள். "சுரப்பியில கிருமி, மாத்திரையில சரியாயிடும்" என்றாள் உம்மா. சரி. ஒரு கிருமிக்காக எல்லாரும் ஏன் இவ்வளவு நல்லவர்களாக மாற வேண்டும்? கணக்கில் இருபதுக்கு ஏழு வாங்கினேன். "பரவால்லம்மா ரிஹாப், உடம்புதான் முக்கியம்" என்றார் பாபா. போன தடவை பதினொன்று வாங்கியதற்கே இரண்டு நாள் பேசாதவர்! காலா ஒரு தட்டு மக்ரூத் இனிப்பு கொண்டுவந்து, மூடியைத் திறந்து, அத்தனையும் எனக்கே என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 7

உம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது தலை ஈரமாக இல்லை. கண்தான்.

பிப்ரவரி 9, வெள்ளி

சமையலறையில் குஸ்குஸ் ஆவியில் வெந்துகொண்டிருந்தது. நான் தூங்குவதாக நினைத்துப் பேசினார்கள்.

"புள்ள பெத்துக்குவாளா மாட்டாளான்னு டாக்டர் என்னதான் சொன்னா?" இது காலா.

"மெதுவாப் பேசு அக்கா. அவ காதுல விழுந்துடும்."

"நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கேட்டா நாம என்ன பதில் சொல்றது?"

எந்த மாப்பிள்ளை? காலாவின் மகன் வஜ்தி இத்தாலியிலிருந்து கோடையில் வருகிறான். அவனுக்கா? எனக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது! அதனால்தான் மக்ரூத்தா?

வகுப்புத் தோழி ஷெயிமாவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். "கல்யாணமா? போடி லூசு, ஏழு மார்க் வாங்கினவள எவன் கட்டுவான்? உன் கிட்னிய எடுக்கப் போறாங்க. இப்படித்தான் ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைப்பாங்க." அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்ததும் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

மருத்துவமனை. டாக்டர் திக்ரா என்று புதிதாக ஒருவர். உம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியுமா, ரிஹாப்?"

நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா பாய்ந்தாள். "குடல்வால் டாக்டர். கிருமி அங்கயும் இறங்கிடுச்சுல்ல, அத எடுக்கணும்ல."

கழுத்திலிருந்து குடல்வாலுக்கா? எனக்குக் கணக்குதான் வராது. உயிரியலில் பதினாறு வாங்கியிருக்கிறேன்.

"நான் அவளைக் கேட்டேன்" என்றார் டாக்டர். "இது எங்க ஆராய்ச்சி. புள்ளைக்கு விவரம் தெரியணும். அவளே வாயால சரின்னு சொல்லணும். இல்லாம நான் கத்திய எடுக்க மாட்டேன்."

ஆராய்ச்சி! எலிக்குச் செய்வார்களே, அதுவா? "வேண்டாம்" என்றேன்.

டாக்டர் உம்மாவைப் பார்த்தார். "அடுத்த திங்கட்கிழமை மருந்து ஆரம்பிக்கிறாங்க. வியாழனுக்குள்ள நான் எடுத்தாகணும். அப்புறம் யார் நெனச்சாலும் முடியாது."

எதை எடுக்க வேண்டும்? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13

உம்மா ரொட்டி வாங்கப் போன நேரம் காலாவைப் பிடித்தேன். தெரிந்ததுபோலக் கேட்டால் காலா தாங்க மாட்டாள்.

"காலா, திங்கட்கிழமை மருந்து போட்டா முடி கொட்டிடுமாமே?"

"யா ரப்பி! யார்டி சொன்னது? உங்கம்மா தன் தலை மேல என் கைய வச்சுல்ல சத்தியம் வாங்கினா!" பிறகு தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. 'அந்தக் கெட்டது' என்றாள். எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் ஒரே ஒரு நோய்தான். பெயரைச் சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடுமாம். அதுதான் வந்துவிட்டதே!

"அந்த மருந்துல வயித்துல இருக்கற முட்டையெல்லாம் பொசுங்கிடுமாம்டி. அதான் முன்னாடியே ஒரு சினைப்பைய எடுத்து உறைய வைக்கறாங்களாம், நாம மீன வைக்கற மாதிரி. நீ பொழைச்சு, பெரியவளாகி, கல்யாணம் ஆனா, திரும்பவும் உள்ள வச்சுத் தைப்பாங்களாம்."

நீ பொழைச்சு. அப்படியென்றால் பொழைக்காமலும் போகலாம், இல்லையா? யா ரப்பி, எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

உம்மா ஏன் குடல்வால் என்றாள்? நோயின் பெயர் என் காதில் விழக்கூடாது, அதற்காக என் குழந்தைகள் போனாலும் பரவாயில்லையா? இல்லை... இவள் பிழைக்கவே மாட்டாள், இவளுக்கு எதற்குக் குழந்தை என்றா? இரண்டில் எது?

பிப்ரவரி 14, புதன்

இரத்தப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் திக்ராவின் அறைக் கதவு திறந்திருந்தது. நானே உள்ளே போனேன்.

"டாக்டர், எனக்குப் புற்றுநோய். எனக்குத் தெரியும். அந்தச் சினைப்பைய எடுத்து வைங்க."

பின்னாலேயே வந்த உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் உடனே சரி என்று சொல்லவில்லை. அவருக்கும் சந்தேகம். "இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?"

"இல்ல. கரண்ட் போனா அது கெட்டுப் போயிடுமா?"

"கரண்டே வேணாம். அதுக்குன்னு குளிர்ந்த திரவம் இருக்கு."

"வேற யாருக்காவது வச்சுட்டீங்கன்னா?"

சிரித்தார். "உன்ன மாதிரி ஆளு இருக்கற வரைக்கும் மாட்டேன்."

"எனக்குக் கண்டிப்பாக் குழந்தை பொறக்குமா?"

"தெரியாது. சில பேருக்குப் பொறந்திருக்கு. உனக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

தெரியாது! இத்தனை நாளில் ஒருத்தர்கூட என்னிடம் இதைச் சொல்லவில்லை. இவரை நம்பலாம் போலிருக்கிறது. கொஞ்சம்தான். நாளைக் காலையில் எடுக்கிறார்கள்.

டாக்சியில் உம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "எப்பலேர்ந்து தெரியும்?"

"நேத்துலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

நீ ஏன் சொல்லல? நான் செத்துப் போவேன்னு நெனச்சியா? வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவள் மாடிக்குப் போய்விட்டாள். இரவு சாப்பிடவும் இல்லை. நாளை என்னோடு வருவாளா? பாபாவை மட்டும் அனுப்பிவிடுவாளா?

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பாபாவாக இருந்தால் வாசலிலிருந்தே கத்திக் கூப்பிடுவார். உம்மா என் கதவை ஒருநாளும் தட்டியதில்லை, நேரே திறந்துகொண்டுதான்

மறுபடியும். மெதுவாக. "ரிஹாப், நான் உள்ள வரலாமா" என்று உம்மா