துபாய்க்குப் போன லாபம்

பிரேசர் டவுன்,
ஞாயிறு மாலை

அன்பு மகன் கிளிஃபர்டுக்கு,

மாதாவின் தயவால் நானும் டாடியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகள் டீனாவும் துபாயில் சுகமாயிருக்க வேண்டுமென்று இன்றைய பூசையிலும் வேண்டிக்கொண்டேன். டாடியின் முட்டிவலி பரவாயில்லை, டீனாவின் தம்பி அஷ்வினுக்குப் பெண் பார்க்கிறார்கள். போனில் பேசினால் நீ சிரித்து மழுப்பிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அலெக்சாண்டர் சார், டாடி ரிட்டயர் ஆகும்வரை போர்மேனாக இருந்த ஹெப்பகோடி ஃபாக்டரியின் முதலாளி, என்னைத் தேடி வந்தார். "உங்க பையன் இல்லேன்னா டாக்ஸ்லயே முழுகியிருப்பேன் சிஸ்டர், துபாய்ல ஒரு கம்பெனி வச்சு லாபத்த அங்க கொண்டுபோற வழியெல்லாம் அவன்தான் பண்ணிக் குடுத்தான்" என்றார். நான் பெருமைப்படுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார். என்னால் பெருமைப்பட முடியவில்லை. ஏனென்றால் போன மாதம்தான் ஹரிஷ்குமார், அந்த ஃபாக்டரியில் டாடியிடம் வேலை கற்றவன், வீட்டுக்கு வந்து, முதலாளி லாபத்தை வெளிநாட்டுக்குத் தள்ளிவிட்டு தொழிலாளர்களிடம் நஷ்டம் என்று காட்டிப் போனஸை நிறுத்திவிட்டார் என்று அழாத குறையாகச் சொன்னான். டாடி நம்பவில்லை. "அவரு கட்ட வேண்டியத ஒழுங்கா கட்டுற மனுஷன், வாய்க்கு வந்தத பேசாத" என்று அவனை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

அன்றே உன்னைக் கூப்பிட்டேன். சட்டத்துல இடமிருக்கு மம்மி, எல்லாரும் பண்றதுதான் என்றாய். நான் முதலாளிகளைத் திட்டுகிறவள் இல்லை, அவர் துணிந்து பணம் போட்டார், லாபம் அவருடையது, அந்த ஃபாக்டரியால்தான் நாம் சாப்பிட்டோம். அளவுக்கு மீறி வரி போட்டுப் பிடுங்கினால் யாரும் தொழில் நடத்தமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நியாயமான பங்கு என்று ஒன்று இருக்கிறதே. என் டீச்சர் சம்பளத்தில் என்னைக் கேட்காமலே வரி பிடித்தார்கள், நான் முணுமுணுத்ததில்லை. உனக்கு டெங்கு வந்து போரிங் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், நீ அரசாங்கக் காலேஜில் படித்தபோதும் அப்படி எல்லாரும் கட்டிய பணம்தான் உன்னைப் பார்த்துக்கொண்டது. அந்தப் படிப்பை வைத்து நீ செய்த வேலை இது. அலெக்சாண்டர் சார் யாரோ, நீ நான் பெற்ற பிள்ளை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

புதன்கிழமை டாடியிடம் சொல்லிவிட்டேன், உன் பெயரைத் தவிர. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போய் ஹரிஷ்குமாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வந்ததிலிருந்து, "கிளிஃபர்ட் ஆடிட் ஆபீஸ்லதான இருக்கான், இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு அவனயே கேக்கலாம், நம்ம பையன் ஹரிஷுக்கு ஹெல்ப் பண்ணுவான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் உன்னைக் கூப்பிடுவார். என் வாயால் அவரிடம் சொல்ல முடியாது, நீதான் சொல்ல வேண்டும். அவரிடமும் சட்டம் பேசாதே.

கோபத்திலும் உன்னை ஆசீர்வதிக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை, மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். டீனாவை மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல். டாடி கூப்பிட்டால் போனை எடு.

உன் மம்மி,
பிரிஜெட்