தையல் மெஷின் மெக்கானிக்கின் அட்டைகள்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, கடைசிவரை நான் மட்டும்தான் பேசுவேன்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று போன தடவை சொன்னேனே, அதை அப்பா தானே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தார், சொட்டிக்கொண்டிருந்த குழாய் கொட்ட ஆரம்பித்துவிட்டது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "யாரு சார் இதுல கை வெச்சது?" என்று கேட்டதற்கு உன் அப்பா கொஞ்சமும் கூசாமல் என்னைக் கைகாட்டினார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆமாம் என்றேன். உன் தம்பி வழக்கம்போல ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் கூப்பிடுகிறான். புது வேலையில் சரியான நேரத்துக்குச் சாப்பிடுகிறான் என்று சொல்கிறான், நான் நம்பவில்லை, நீ ஒரு வார்த்தை கேள்.

இனி என் வேலை விஷயம். மருந்துக் கடையை விட்டுவிட்டு ஆவணக் காப்பகத்தில் சேரப்போகிறேன் என்றபோது நீ, "இந்த வயசுல பழைய பேப்பர் கடையாம்மா?" என்றாய். நான் கோபித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எனக்கே உள்ளூரச் சந்தேகம் இருந்தது. இத்தனை வருஷம் காலாவதியானதைத் தேடித்தேடித் தூக்கிப் போட்டவள் இப்போது காலாவதியானதைத்தான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுகிறேன். அப்பா தன் பங்குக்கு, "என்னையும் ஒரு பெட்டியில போட்டு நம்பர் ஒட்டிடு" என்கிறார். ஆனால் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்துப் பாஸ் பண்ணி வாங்கிய வேலை இது. சில மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள், ஆகவில்லையென்றால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு உன்னிடமே வந்துவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கு நிஜமாகிவிடும் என்றுதான் போன மாதம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் பழுது பார்த்த ஒரு மெக்கானிக் இறந்துபோனார், அவருடைய அட்டைகளை அவர் மகள் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை. மேலே வீட்டுக்காரர் பெயர், கீழே மெஷினுக்கு என்ன கோளாறு, அதற்கும் கீழே அவருக்கு மட்டும் வேண்டிய குறிப்புகள், நாயைக் கட்டி வைத்திருக்க மாட்டார்கள், இந்த அம்மா பேச ஆரம்பித்தால் விடமாட்டார், இப்படி. படித்துப் படித்துத் தனியாகச் சிரித்தேன். என்னென்ன இருக்கிறது என்று எழுதி வைக்கச் சொல்லித்தான் அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம், அதில் நான் நல்ல மார்க்கும் வாங்கியவள். ஆனால் கை கேட்டால்தானே. மருந்தை அலமாரியில் அடுக்கிப் பழகிய கை, மத்தியானத்துக்குள் அத்தனை அட்டையையும் அகர வரிசையில் அடுக்கி வைத்துவிட்டது. அடுக்கி முடித்து என் வேலையை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது ஓர் அட்டையில், "ஆள் இல்லையென்றால் சாவி அடுத்த வீட்டில்" என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அடுத்த வீடு எது? எந்த அட்டையிலும் முகவரி கிடையாது. அவர் நடந்து போன வழியில்தான் அட்டைகளை வைத்திருந்திருக்கிறார், அந்த வரிசைதான் அவருக்கு முகவரி. ஒரு மனுஷன் காலமெல்லாம் நடந்த தெருக்களை நான் ஒரே காலைப்பொழுதில் அழித்துவிட்டேன் குட்டி.

எனக்கு முன்னால் அந்தப் பெட்டியை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அப்பாகூட, "அந்த மனுஷனே எழுந்து வந்து கேக்கப்போறாரா, பேசாம இரு" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் போனதும் எங்கள் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, சிரிப்பதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும் என்பதுபோல முகம். திட்டுவாள் என்று நின்றேன், அவளோ பெட்டியைத் திறந்து அட்டைகளைப் பார்த்தாள். பிறகு, "முதல்ல டீ குடிங்க, அப்புறம் உக்காருவோம்" என்றாள்.

இருவருமாக உட்கார்ந்தோம். அந்த மெக்கானிக் எப்போதோ அட்டைக் கட்டின்மேல் எதையோ கொட்டியிருக்கிறார், காபியோ எண்ணெயோ, ஒரு மூலையில் பழுப்புக் கறை. கறை, மேலே இருந்த அட்டையில் பெரிதாக இருந்து கீழே போகப்போகச் சிறுத்திருக்கும் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தேன். துணி துவைக்கும்போது கறை பார்த்துப் பழகிய கண் இதற்கும் உதவியது. கறை எட்டாத அட்டைகளுக்கு அடுத்த வீடு, எதிர்வீடு என்று அவர் எழுதியதைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். அப்படியும் சில அட்டைகளுக்கு இடம் தெரியவில்லை, நானாக எங்கேயாவது செருகலாமா என்றதற்கு அவள் கூடவே கூடாது என்றுவிட்டாள். தெரியவில்லை என்று எழுதித் தனி உறையில் போட்டோம்.

அதன்பிறகு பெட்டிக்குள் வைக்க ஒரு குறிப்பு எழுதச் சொன்னாள். இந்த வரிசை இன்னாரால் கலைக்கப்பட்டது, இன்னின்ன அடையாளங்களை வைத்துத் திரும்ப அடுக்கப்பட்டது என்று. மை பட்டால் பழைய காகிதம் கெட்டுவிடும் என்று அங்கே பேனாவுக்கு இடமில்லை, எல்லாம் பென்சில்தான். மருந்துக் கடையில் அத்தனை வருஷம் நின்றும் என் பெயர் எங்கேயும் எழுதப்பட்டதில்லை, ரசீதில்கூட முதலாளி பெயர்தான். முதன்முதலாக ஓர் இடத்தில் என் பெயர் நிலைத்து நிற்கப்போகிறது, அதுவும் நான் செய்த தப்புக்குக் கீழே. முழுப் பெயரையும் திருத்தமாக எழுதினேன்.

போன திங்கட்கிழமை என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அவ்வளவு பெரிய தப்புக்கு அப்புறமும் எப்படி என்று பொறுப்பாளரிடம் கேட்டேன், "தப்பு பண்ணாதவங்க இங்க யாரும் இல்லைங்க, மறைக்கிறவங்களைத்தான் என்னால வெச்சுக்க முடியாது" என்றாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அதனால் இப்போதைக்கு நாங்கள் வரவில்லை. நீ ஆசையாகக் கூப்பிட்டாய், உனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். உன்னோடு இருக்க எனக்குக் கசக்குமா? போக வேறு இடமில்லாமல் உன் வாசலில் வந்து நிற்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். லீவு சேர்ந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இனி உன் வீட்டுக்கு நான் வந்தால், உன்னைப் பார்க்க மட்டும்தான் வருவேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் படுக்கப்போவதற்குள் சமாதானமாகி, நீண்ட காலம் நிறைவாக இருக்க வேண்டும். பல் வலியைத் தள்ளிப் போடாதே, டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா