முன்னறையில் ஒரு காலிக் குழாய்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. நீ கடிதமும் போடுவதில்லை, போனும் எடுப்பதில்லை. அதனால் இங்கே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் உங்கள் அதிகாரி வீட்டுக்கு வந்தார். டாங்கியை அடிக்க நீங்கள் தோளில் வைத்துச் சுடுகிற ஆயுதத்தைத் தயாரிக்கும் கம்பெனியின் விளம்பரக்காரரும் கேமராவோடு வந்தார். என் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுட்டு முடித்த காலிக் குழாய் ஒன்றை நாற்காலியில் சாத்தினார்கள். "இதாலதான் உங்க வீட்டுக்காரர் டாங்கியை அடிச்சு வீரமரணம் அடைஞ்சார். ஞாபகமா வச்சுக்கோங்கம்மா" என்றார் அதிகாரி. அதை நான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம், படம் எடுப்பார்களாம். முகம் கொஞ்சம் மலர்ச்சியாக இருந்தால் நல்லதாம்.

குழாயின் மேல் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. பின்பக்கம் தீ பாயும், மூடிய அறைக்குள் சுடக் கூடாது என்று. அதைச் சத்தமாக வாசித்தேன். "அப்புறம் ரூமுக்குள்ள இருந்து சுடச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டேன். "சண்டையில இதையெல்லாம் படிச்சுக்கிட்டா இருக்க முடியும்?" என்றார் அவர். விளம்பரக்காரரோ, "படத்துல அந்த எழுத்து தெரியாம திருப்பிப் பிடிச்சாப் போதும் மேடம்" என்கிறார்! மனிதர்கள்தானா இவர்கள்?

குழாயைத் தூக்கிப்போய்த் தெருக் குப்பைத்தொட்டியில் செருகினேன். அதிகாரி பின்னாலேயே ஓடி வந்து, அதை உருவி எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். அவ்வளவு பதமாக. உன் அத்தானின் முகத்தை மட்டும் எங்களுக்குக் காட்டாமலே மூடி அனுப்பினார்கள், தம்பி.

இவர்கள் வருவதற்கு முன்பே, உங்களோடு இருந்த மருத்துவ உதவியாளர் விடுப்பில் வந்தபோது எங்களைப் பார்க்க வந்தார். என்னிடம் தனியாக எல்லாம் சொன்னார். குண்டு டாங்கியில் படவே இல்லையாம். பின்னால் அத்தான் நிற்கிறார், வெளியே போய்ச் சுடுகிறேன் என்று நீ கெஞ்சினாயாம். "சொன்னதைச் செய்" என்று இதே அதிகாரிதான் கத்தினாராம். அந்தக் குழாய் யார் தோளில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் அழுதாள். பிறகு அலமாரியிலிருந்து உன் சட்டைகளை எடுத்துவந்து, பொத்தான் போனதையெல்லாம் தைத்து வைக்கச் சொன்னாள். தைத்துவிட்டேன்.

லீவு கிடைத்ததும் புறப்பட்டு வா. என் மகள், மாமா எப்போ வருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வந்தால் வாசலிலேயே தயங்கி நிற்காதே. நேராக உள்ளே வா, சாப்பிடு, தூங்கு. உனக்கு ஒரு குறையும் வராது.

உன்
அக்கா